அப்பாவின் மூச்சும் மெடிக்கல் போர்டும்

அப்பா ஒரு நூற்பாலையில், பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் 24 வருடமாக வேலை பார்க்கிறார். பீடி, சிகரெட் தொட்டதில்லை. "திங்கக்கெழமன்னாத்தாம்ல நெஞ்ச இறுக்குது" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். லீவு முடிந்து மறுபடி பஞ்சுத் தூசிக்குள் போகிற முதல் நாள் வரும் அந்த இறுக்கம் பைசினோசிஸ் நோயின் அடையாளம் என்பது எங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போக அலுப்பு என்று நானே நினைத்திருக்கிறேன். அது இன்றும் உறுத்துகிறது.

சேரன்மகாதேவி ஸ்டேஷனில் படி ஏற முடியாமல் அவர் நின்ற அன்றுதான் அலையத் தொடங்கினேன். முதலில் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் போய்ப் பல நாள் வீணானது. 2016 சட்டத்தில் இருக்கிற 21 வகைகளில் நுரையீரல் நோய் இல்லை. அப்புறம் தொழிற்சங்கத்து அண்ணாச்சி ஒருவர்தான் வழி சொன்னார்: இஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீட்டின் தொழில்நோய்ப் பட்டியலில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோயும் உண்டு, சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போயிற்று என்று மெடிக்கல் போர்டு முடிவு செய்யும்.

நுரையீரல் திறனை அளக்க ஊதுகிற டெஸ்டை முதலில் எடுத்த இடத்தில், அப்பா இருமிப் பாதியில் நிறுத்தியும் அப்படியே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள். அடுத்து பார்த்த டாக்டர் அது செல்லாது என்றார். மூன்று முறையாவது ஒழுங்காக ஊதி, அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவர வேண்டும். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்துவது என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். உட்கார்ந்திருந்தபோது 96 காட்டிய ஆக்சிஜன், நடந்து முடித்ததும் 87 ஆனது. அப்பா படுகிற பாடு அதில்தான் தெரிந்தது.

போர்டில் "என்ன வேலை?" என்று கேட்டார்கள். அப்பா "மில் வேலை சார்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நல்லவேளை, நான் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, பஞ்சு நிறைந்த கேனைத் தள்ளுவது, மெஷினில் படிந்த பஞ்சைக் காற்றடித்துச் சுத்தம் செய்வது, எதில் எத்தனை முறை மூச்சு வாங்க நிற்கிறார் என்பது வரை. அதை வாசித்த பிறகுதான் கேள்விகளே வந்தன. 40 சதவீதம் என்று முடிவானது. குறைவாகப் பட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

இப்போது அந்த இழப்புக்கான இஎஸ்ஐ பணம் மாதாமாதம் வங்கியில் ஏறுகிறது. தூசி இல்லாத பிரிவுக்கு மாற்றக் கேட்ட மனுவுக்குத்தான் ஆலையிலிருந்து இன்னும் பதில் இல்லை. அப்பா அதே கார்டிங்கில்தான் நிற்கிறார்.