காசிமேட்டில் சி.பி.ஆர். கொடுத்த அனுபவம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் வியாபாரக் கணக்கைப் பார்த்துவரும் எனக்கு, முதலுதவிப் பயிற்சி ஒன்றில் சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முறையை, பொம்மையின் மார்பில் பழகிய அனுபவம் இருந்தது. சுற்றி நிற்கும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பதை மட்டும் அங்கே யாரும் சொல்லித்தரவில்லை.

விடியற்காலை ஏலத்தின் நடுவே, ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் மீன் கூடைகளுக்கிடையே சரிந்து விழுந்தார். கை கால் லேசாக வெட்டி இழுத்ததால், வலிப்பு என்று முடிவுகட்டிய ஒருவர் சாவிக்கொத்தை அவர் உள்ளங்கையில் திணித்தார். இன்னொருவர் சோடா வாங்க ஓடினார். தோளைத் தட்டி உரக்க அழைத்தும் அவரிடம் அசைவில்லை. சிறிது நேரம் கழித்து, கரையில் போட்ட மீனைப் போல வாயைத் திறந்து ஓர் இழுப்பு இழுத்தார். "மூச்சு வருதுப்பா" என்று கூட்டம் ஆறுதலடைந்தது. இதயம் நின்றுபோனவருக்கு முதல் சில நிமிடங்களில் இத்தகைய இழுப்பு வருவதுண்டு; அதை மூச்சென்று நம்பிக் காத்திருந்தால் ஆள் நமக்கில்லை.

108-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டு மண்டியிட்டேன். அதற்குள் மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. "தூக்கிப் போடுண்ணே, ஸ்டான்லி கிட்டத்தானே" என்றார்கள். ஸ்டான்லி மருத்துவமனை கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் ரத்தம் போகாத மூளை நான்கைந்து நிமிடங்களிலேயே பழுதடையத் தொடங்கிவிடும், குலுங்கும் வண்டியில் வைத்துச் சரியாக அழுத்தவும் முடியாது. ஆம்புலன்ஸ் வரும்வரை சிமெண்டுத் தரையே நல்லது என்று பிடிவாதமாக நின்றேன்.

மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறு கையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்தினேன். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும், வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையிலும் இருக்க வேண்டும். வாய்வழி மூச்சு கொடுக்கவில்லை. திடீரென விழுந்த பெரியவருக்குத் தொடக்கத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் மீதமிருக்கும். கடலில் மூழ்கியவராக இருந்தால் மூச்சுக் கொடுத்தே ஆக வேண்டும். படகுத்துறையில் இருப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இரண்டு நிமிடத்துக்குள் கை தளர்ந்துவிடும் என்பதால், கூடை தூக்கும் தொழிலாளர் ஒருவரை அழைத்து மாற்றிக்கொண்டேன். அவருக்கு வலுவுக்குக் குறைவில்லை. ஆனால் அழுத்தியபின் மார்பின்மேல் சாய்ந்தே இருந்தார். மார்பு முழுவதும் மேலெழுந்தால்தான் இதயத்தில் ரத்தம் நிரம்பும் என்று சொன்னேன்; நான் எண்ண எண்ண அவர் அழுத்தினார். கூட்டத்தை இப்படி வேலைக்கு இழுத்த பிறகுதான் கூச்சல் அடங்கியது.

ஆம்புலன்ஸ் ஊழியர்கள் சட்டையைக் கத்தரித்து, ஐஸ் தண்ணீரில் நனைந்திருந்த மார்பைத் துடைத்து, மின்னதிர்ச்சிக் கருவியின் பட்டைகளை ஒட்டினார்கள். எல்லோரையும் விலகச் சொல்லி மின்னதிர்ச்சி கொடுத்த மறுகணமே மீண்டும் அழுத்தத் தொடங்கினார்கள். நாடி திரும்பிய பிறகே வண்டியில் ஏற்றினார்கள்.

மருத்துவமனையில் எடுத்த படத்தில் விலா எலும்பில் விரிசல் தெரிந்ததாம். போதிய ஆழத்தில் அழுத்தும்போது அது நேரக்கூடியதே என்று மருத்துவர் வீட்டாருக்கு விளக்கியிருக்கிறார். அடைத்திருந்த ரத்தக்குழாயில் அதைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்து அவரை அனுப்பிவைத்தார்கள். இருமினால் நெஞ்சு வலிக்கிறது என்று என்னிடமே வந்து குறைபட்டுக்கொண்டார்.