நெல்லுக்குத் தண்ணி நிக்கணுமா?

ஜூன் 12-ஐ வைத்துத்தான் எங்கள் வீட்டில் மற்ற தேதிகளெல்லாம். அன்றைக்குத்தான் மேட்டூர் அணையைப் பாசனத்துக்குத் திறப்பார்கள். 2012-ல் அது சும்மா கடந்து போனது. திறந்தது செப்டம்பர் 17-ல். நான் அப்போது பிளஸ் டூ. குறுவைச் சாகுபடியை விட்டாயிற்று. சம்பாவுக்கும் வாய்க்கால் தண்ணீர், அது கடைசியாக வந்து சேரும் கடைமடையான எங்களை எட்டிப் பார்க்கவில்லை. பங்காளி வீட்டு போர்செட்டில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து, ராத்திரி கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தண்ணீர் கட்டினோம். அப்பா மடையை வெட்ட, நான் டார்ச் அடிப்பேன்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் கேட்டேன். "ஏம்ப்பா, உளுந்துல ரெண்டு நாள் தண்ணி நின்னா அழுவிப் போவுதுல்ல. நெல்லு மட்டும் ஏன் அழுவல?"

"நெல்லுக்குத் தண்ணி நிக்கணும். டார்ச்ச நேரா புடி."

அறிவியல் வாத்தியாரிடம் கேட்டேன். பரீட்சைக்கு வராது என்றார். தாத்தா மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது அதோட குணம்" என்றார். இருந்ததிலேயே நல்ல பதில் அதுதான்.

எங்களுக்கு இருப்பது மூணு மா நிலம், கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். அதன் வடகிழக்கு மூலையில் நாலு குழியை மட்டும் சின்ன வரப்பு போட்டுப் பிரித்துத் தரச் சொல்லி அடம்பிடித்தேன். அங்கே தண்ணீர் கட்டவில்லை. மண் தலைமுடி அளவுக்கு வெடிப்பு விட்டதும் நனைத்தேன், மறுபடி காயவிட்டேன். நெல் சாகவில்லை. சரிதான் என்று நான் நினைத்த பத்தாம் நாள் கோரை வந்தது. பின்னாலேயே குதிரைவாலிப் புல். நெல் எது, புல் எது என்று தெரியாத அளவுக்கு. "ஆராய்ச்சிக்காரிக்கு நான் களை புடுங்கணுமா?" என்று திட்டிக்கொண்டே அம்மா ரெண்டு நாள் குனிந்தாள். அப்பா வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்.

எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கை களையைப் பிடுங்க, கண் வரப்புக்கு அந்தப் பக்கம் போனது. அதே மண், அதே நாற்று. தண்ணீர் நின்ற பக்கம் கோரை அரிதாக எங்கேயோ ஒன்று. அப்படியானால் நாம் தண்ணீர் கட்டுவது நெல்லுக்காகவா, களைக்கு எதிராகவா?

இந்த ஒரு கேள்வியால்தான் அடுத்த வருஷம் மாமா பார்த்து வைத்திருந்த இன்ஜினியரிங் சீட்டை வேண்டாம் என்று சொல்லி, வேளாண்மைப் பட்டயப் படிப்பில் சேர்ந்தேன். வீட்டில் ஒரு மாதம் யாரும் சரியாகப் பேசவில்லை. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

இரண்டாம் வருஷம் நெல் வேரைக் குறுக்கே சீவி மைக்ரோஸ்கோப்பில் காட்டினார்கள். ஆப்பத்தின் நடுவில் இருப்பதுபோல ஓட்டை ஓட்டையாக இருந்தது. இலை இழுக்கும் காற்று அந்த வழியாக வேருக்கு இறங்குகிறது. உளுந்துக்கு அந்த வசதி கிடையாது. நெல் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். எந்நேரமும் நின்றே ஆக வேண்டும் என்று அது கேட்கவில்லை. பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. தாத்தா சொன்ன குணம் இதுதான்.

அங்கேதான் மடகாஸ்கரில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஹென்றி டி லொலானியேயின் கதையும் தெரிந்தது. 1983-ல் வேறு வழியில்லாமல், வழக்கத்தைவிட இளசான பதினைந்து நாள் நாற்றையே நட்டிருக்கிறார். அது எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது. நம்மூரில் 'ஒத்த நாத்து' என்கிறோமே, திருந்திய நெல் சாகுபடி, அதன் ஆரம்பம் அங்கே. (அதை அதிசயம் என்று நான் சொல்ல மாட்டேன். விரல் நீள நாற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நடச் சொன்னால் நடவாட்கள் பார்க்கும் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.)

இப்போது வயல் வயலாகக் குழாய் பதிப்பதுதான் என் வேலை. ஓர் அடி பிளாஸ்டிக் குழாய், கீழ்ப் பாதியில் துளைகள், அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். உள்ளே தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போனால் திரும்பக் கட்டலாம். அப்பா வயலிலும் ஒன்று இருக்கிறது. போர் தண்ணீர் கட்டும் நாட்களில் ஸ்கேலை விட்டுப் பார்த்துவிட்டு போன் பண்ணுவார். "பதினாலு. நாளைக்குக் கட்டவா?"

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் குழாய் மூழ்கும்வரை கட்டிவிடுவார். போன மாதமும் அப்படித்தான். ஏன்ப்பா என்றேன்.

"சரி, மடைய அடச்சிட்டு ஒக்காந்திருக்கேன். அடுத்த முறைக்குத் தண்ணி கண்டிப்பா வரும்னு எழுதித் தருவியா?"

நானும் கடைமடைக்காரிதான். எழுதித் தரவில்லை.