எலும்பு எதனால் செத்தது என்று எழுதுங்கள், டாக்டர்

ஆர்த்தோ சார்ட், அதாவது எலும்பு சிகிச்சைக்கான நோயாளியின் பதிவேடு என்றால் எங்கள் டீமில் அது பெரும்பாலும் என்னிடம்தான் வரும். பிசியோதெரபி படித்துவிட்டு, டாக்டர் எழுதும் நோய்களுக்கு உரிய கோடு போடும் மெடிக்கல் கோடிங்குக்கு வந்தவள் நான். அதனால் இடுப்பு, முழங்கால் என்று ஏதாவது சிக்கினால் "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் வந்து நிற்பார்கள். அவர்கள் அதிகம் தடுமாறுவது ஏவிஎன்னில். அவாஸ்குலர் நெக்ரோஸிஸ், அதாவது ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பின் ஒரு பகுதி செத்துப்போவது. தொடை எலும்பின் தலைப்பகுதியில்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

நாங்கள் பார்ப்பது அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகள். அங்கே 2015 செப்டம்பர் வரை நோய்களுக்கான கோடு பட்டியலாக ஐசிடி-9 இருந்தது. தொடை எலும்பின் தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து 733.42 என்று ஒரே கோடு. எந்தப் பக்கம், என்ன காரணம், எதுவும் அதில் தெரியாது. அந்த அக்டோபர் 1 முதல் ஐசிடி-10-சிஎம் வந்தபோது எம்87 என்ற பிரிவு விரிந்தது. நான்காவது எழுத்து காரணத்தைச் சொல்கிறது: 0 என்றால் காரணம் அறியப்படாதது, 1 மருந்தால், 2 முன்பு பட்ட அடியால், 3 மற்ற இரண்டாம் நிலைக் காரணங்கள். ஐந்தாவது எந்த எலும்பு, ஆறாவது எந்தப் பக்கம். இவ்வளவு இடம் கொடுத்த பிறகும் காரணத்துக்கான கட்டத்தைச் சரியாக நிரப்பாமல் விடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு மாதிரி சார்ட்டை எடுத்துக்கொள்வோம். நோயாளிக்கு லூபஸ், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய். பல வருடங்களாக ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிடுகிறார். ஆர்த்தோ டாக்டர் அசெஸ்மென்ட்டில் எழுதியிருப்பது "ஏவிஎன், வலது இடுப்பு", அவ்வளவுதான். உடனே எம்87.051 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடு சொல்வது, காரணம் கண்டறியப்படவில்லை என்று. இந்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. காரணத்தைப் பற்றி அவர் எதுவுமே எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நாம் மதிக்க வேண்டும்.

மருந்துப் பட்டியலில் ஸ்டீராய்டு இருக்கிறதே, நாமே எம்87.151 போட்டுவிட்டால் என்ன என்று கேட்பார்கள். கூடாது. லூபஸ் நோயாளிகளுக்கு அந்த நோயே ஏவிஎன் வரும் ஆபத்தைக் கூட்டலாம். மதுப் பழக்கமும் இருக்கலாம், என்றோ விழுந்து அடிபட்டிருக்கலாம். இதில் எது என்று எடைபோட வேண்டியது டாக்டர். "இதனால்" என்ற தொடர்பை அவர் எழுதினால்தான் நமக்கு அது உண்மை.

அப்படியானால் க்வெரி, அதாவது டாக்டரிடம் விளக்கம் கேட்கும் கேள்வி, அனுப்ப வேண்டும். அதையும் நேர்மையாக எழுத வேண்டும். "ஸ்டீராய்டால்தானே வந்தது?" என்று வாயில் பதிலை ஊட்டக் கூடாது. கோடு மாறினால் பணம் எவ்வளவு மாறும் என்ற பேச்சே வரக் கூடாது. எம்ஆர்ஐயில் என்ன தெரிந்தது, எந்த மருந்து எவ்வளவு காலம், வேறு என்ன நோய்கள் என்று சார்ட்டில் இருப்பதை மட்டும் வைத்து, காரணத்தைத் தெளிவுபடுத்த முடியுமா என்று கேட்கலாம். கொடுக்கும் தெரிவுகளில் "மற்றவை", "தீர்மானிக்க இயலவில்லை" இரண்டும் இருக்கட்டும். ஸ்டீராய்டால்தான் என்று பதில் வந்தால் முதலில் எம்87.151, அதன்பின் சரியாகக் கொடுத்த மருந்தின் பாதகமான விளைவைக் குறிக்க டி38.0எக்ஸ்5ஏ (T38.0X5A). மருந்து இன்னும் தொடர்கிறது என்றால் இசட்79.52. லூபஸுக்கு அதன் கோடு தனி.

பிசியோவாக இருந்த நாட்களில் ஏவிஎன் நோயாளிகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி "எனக்கு ஏன் வந்தது?" என்பதாகத்தான் இருக்கும். வலியைப் பற்றிக்கூட அதற்கப்புறம்தான் பேசுவார்கள். அந்தக் கேள்விக்கு டாக்டரிடம் பதில் இருக்கும்போது, ரெக்கார்டில் அது காணாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த முறை அந்த நோயாளிக்கு ஸ்டீராய்டு எழுதப்போகிறவர் பார்ப்பதும் இந்த ரெக்கார்டைத்தான்.

இன்னொரு குழப்பம் இடத்தைப் பற்றியது. டாக்டர் எழுதுவது இடுப்பு மூட்டு, கோடு கேட்பது எலும்பு. பாதிப்பு மூட்டை ஒட்டி இருந்தாலும் எலும்பைத்தான் குறிக்க வேண்டும் என்று ஐசிடி-10-சிஎம் வழிகாட்டி நெறிகளின் 13-வது அத்தியாயமே ஏவிஎன்னைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே தொடை எலும்பு. நோய் உறுதியான பிறகு இடுப்பு வலிக்குத் தனிக் கோடு வேண்டாம். "ஏவிஎன் சந்தேகம்" என்று அவுட்பேஷண்ட் நோட்டில் இருந்தால் நேர்மாறு: வலியை மட்டும் போடுங்கள்.

தாடை எலும்பு வந்தால் இரட்டிப்புக் கவனம் தேவை. எலும்புத் தேய்மானத்தைத் தடுக்கும் பிஸ்பாஸ்போனேட் மருந்தால் தாடை எலும்பு செத்தது என்றால் எம்87.180. புற்றுநோய்க்குக் கொடுத்த கதிர்வீச்சால் என்றால் எம்87 பக்கமே போகக் கூடாது, அது எம்27.2. இரண்டு வகை நோயாளிகளின் வாயிலும் திறந்து கிடப்பது ஒரே மாதிரியான செத்த எலும்பாக இருக்கலாம். புற்றுநோயாளிகள் பலர் இரண்டு சிகிச்சையும் எடுத்திருப்பார்கள். இங்கேயும் டாக்டரின் ஒரு வரி இல்லாமல் நகர முடியாது.

கடைசியாக, பழைய நோட்டை அப்படியே ஒட்டிய காப்பி-பேஸ்ட் நோட்டுகள். வலது இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து வருடங்கள் ஆகியிருக்கும். பிராப்ளம் லிஸ்ட்டில் மட்டும் "ஏவிஎன், வலது இடுப்பு" உயிரோடு இருக்கும். அந்த எலும்புத் தலையை வெட்டி எடுத்தாகிவிட்டது. அங்கே இப்போது இருப்பது செயற்கை மூட்டு, இசட்96.641. இதைச் சின்ன விஷயம் என்று விடக் கூடாது. மெடிகேர் அட்வான்டேஜ் என்ற அமெரிக்கக் காப்பீட்டில், நோயைப் பொறுத்துப் பணம் கணக்கிடும் வி24 மாடலின் எச்சிசி 39 என்ற பிரிவுக்குள் எம்87 இருந்தது, அதாவது இல்லாத நோய்க்குப் பணம் போகும் நிலை இருந்தது. அதே நோயாளியின் இடது தொடை எலும்பில் ஏவிஎன் இன்னும் இருக்கிறதா என்பதைத் தனியாகத் தேடிப் பாருங்கள். இருந்தால் இடதுக்கு உரிய கோடு கட்டாயம் வர வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே கோடு எம்87-இல் கிடையாது.