விறைப்பு என்றால் எது?

ஒக்டோபர் 8

காலையில் நோயாளிகள் பதினொரு பேர். ஒன்பது பேருக்கு நாரியில், அதாவது கீழ்முதுகில், வலி. காலபோக (மாரிமழை) நெல் விதைப்பு நெருங்கினால் இப்படித்தான். உழவு, வரம்பு கட்டல், உரமூட்டை எல்லாவற்றையும் அந்த ஓரிடம்தான் தாங்குகிறது. கேட்டால் ஒரே பதில்: "நாரி உளைவு, பிள்ளை." தசைப்பிடிப்பும் நரம்பு நெரிபடுவதும் அந்த ஒரு சொல்லுக்குள்தான் கிடக்கின்றன.

மாதக்கணக்கில் இந்த வலியோடு திரிகிறவர்களிடம் நரம்பு வலியைப் பிரித்தறிய டி.என்.4 வினாத்தாளை எடுத்திருக்கிறேன். 2005இல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டது. ஏழு கேள்விகள், மூன்று பரிசோதனைகள். பத்தில் நான்கு புள்ளி வந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். கேள்விகளை நானே தமிழில் கேட்கிறேன்.

ஒக்டோபர் 10

ஒட்டுசுட்டான் பக்கத்து ஐயா ஒருவர். எரிவு உண்டா? உண்டு. மின்சாரம் அடித்ததுபோல? சிலவேளை. ஊசி குத்துவதுபோல? அதுவும். விறைப்பு? "விடிய எழும்பினால் மரக்கட்டைதான்." நான்கு! எழுதியும்விட்டேன். பிறகு பஞ்சால் தடவினால், குண்டூசியால் தொட்டால், இரண்டு காலிலும் எல்லாம் துல்லியமாகத் தெரிகிறது. மனிதர் சொன்னது குனிய முடியாத விறைப்பை. நான் எழுதியது உணர்ச்சியற்ற விறைப்பை. நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல். ஒரு புள்ளியை அழித்தேன், கன்னம் சுட்டது.

ஒக்டோபர் 11

மழை. ஆளில்லை. இனி, "தொட்டால் தெரியாத விறைப்பா, மடக்க முடியாத விறைப்பா?" என்றே கேட்க வேண்டும்.

ஒக்டோபர் 17

புதுக்குடியிருப்பு அம்மா. 2009இல் பட்ட ஷெல் துண்டு இன்னும் முதுகில். விறைப்பு என்ற பேச்சே எடுக்கவில்லை, வெறும் உளைவாம். குனிந்து பார்த்தேன்: இடது காலில் செருப்பில்லை. வழியில் கழன்றது அவருக்கே தெரியவில்லை!

அந்தப் பாதத்தின் வெளிப்புறமும் சின்னவிரலும் குண்டூசியை உணரவில்லை. குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் தட்டினால் பாதம் துள்ளவில்லை. படுக்கவைத்துக் காலை நீட்டி உயர்த்த, பாதி உயரத்துக்குள்ளேயே கெண்டைக்காலுக்கு வலி பாய்ந்தது. நெரிபடுவது முதலாவது திருவெலும்பு (முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் எலும்பு) நரம்பு வேர் என்று நினைக்கிறேன். நீரிழிவு இல்லை, அது இருந்தால் பெரும்பாலும் இரண்டு பாதமும் எரியும். சிறுநீர் அடைக்கிறதா, உட்காரும் இடம் மரத்திருக்கிறதா என்றும் கேட்டேன். கதவைப் பார்த்துக்கொண்டு, இல்லை என்றார். வெட்கப்பட்டாலும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி. ஆம் என்றால் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் துண்டு எங்கே என்று எக்ஸ்ரேயில் பார்க்க வேண்டும். காந்தம் இரும்பை இழுக்கும். மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஒக்டோபர் 31

அம்மா வந்தார். மருத்துவர் இரவுக்கு அமிட்ரிப்டிலின் கொடுத்திருக்கிறார். மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து என்று யாரோ சொல்ல, "எனக்கென்ன பைத்தியமா, பிள்ளை?" என்று என்மேல் பாய்ந்தார். அதே மாத்திரை சிறிய அளவில் நரம்பு வலியைத் தணிக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். வாய் காய்கிறதாம். ஆனாலும் நான்கு இரவு நித்திரை கொண்டிருக்கிறார்.

காலில் இப்போது பின்வார் வைத்த செருப்பு.