ஒரு கட்டளை, இரண்டு சத்தம்

சேலம் அஸ்தம்பட்டியில் சிறிய பட்டறை வைத்து, வீடுகளுக்கும் தோட்டங்களுக்கும் தானியங்கிப் பேனல் செய்து கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். விளக்கு, தண்ணீர் மோட்டார், கேட் ஆகியவற்றை இயக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல்களுக்கு ஒயர் வழியாகக் கட்டளை அனுப்புவதுதான் இந்த வேலையின் உயிர். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வீட்டில் நான் செய்த பிழை ஒன்று, கட்டளை அனுப்புவது என்றால் என்ன என்பதையே எனக்கு முதலிலிருந்து கற்றுக் கொடுத்தது.

அந்த வீட்டின் கிணறும் மோட்டார் அறையும் வீட்டிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் கீழே, சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் சரிவில் இருந்தன. பழைய கல்சுவர்களைத் தாண்டி அவ்வளவு தூரத்துக்கு வைஃபையை நம்ப முடியாது என்பதால் ஆர்எஸ் 485 லைன் இழுத்தோம். ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பிகளுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை வைத்தே செய்தியைப் படிக்கும் முறை அது. வேகத்தைக் குறைத்து வைத்தால் 1200 மீட்டர் வரை போகும். அந்தக் கம்பியின் மேல் நாங்கள் பேசும் மொழி, 1979-ல் மோடிகான் நிறுவனம் ஆலை இயந்திரங்களுக்காக வெளியிட்ட மோட்பஸ்.

ஒரு ரிலேயைப் போடும் மோட்பஸ் கட்டளை மொத்தமே எட்டு பைட். முதல் பைட் மாட்யூலின் முகவரி. அடுத்தது ஒரே ஒரு ரிலேயை மாற்றச் சொல்லும் செயல் எண் 05. பிறகு எந்த ரிலே என்பதற்கு இரண்டு பைட், போடுவதா அணைப்பதா என்பதற்கு இரண்டு பைட், செய்தி வழியில் சிதைந்ததா என்று சரிபார்க்கும் சிஆர்சி இரண்டு பைட். விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் இது போய்ச்சேர ஏறத்தாழ 9 மில்லி விநாடிதான் ஆகும். கட்டளையை ஏற்றுக்கொண்ட மாட்யூல் அதே எட்டு பைட்டையும் அப்படியே திருப்பி அனுப்பும்; அதுதான் பதில். குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால், கட்டளை அனுப்பும் கருவியான கண்ட்ரோலர் அதே கட்டளையை மறுபடியும் அனுப்பும்படி புரோகிராம் எழுதுவது வழக்கம். நானும் 200 மில்லி விநாடி வைத்து அப்படித்தான் எழுதியிருந்தேன்.

நான் வாங்கிய மாட்யூலில், போடு, அணை என்ற இரண்டோடு, இப்போது இருக்கும் நிலையை மாற்றிப் போடு என்ற மூன்றாவது கட்டளையும் இருந்தது. சமையலறைச் சுவரில் மோட்டாருக்கு ஒரே ஒரு பட்டன்தான் என்பதால் அது வசதியாகத் தோன்றியது. தொட்டி நிறைந்தால் மிதவை சுவிட்ச் வழியாக மோட்டாரை நிறுத்தும் இடத்திலும், யோசிக்காமல், அதே கட்டளையைப் பயன்படுத்திவிட்டேன்.

ஒரு மாதத்துக்குள் புகார் வந்தது. சில இரவுகளில் தொட்டி நிறைந்த பின்பும் மோட்டார் ஓடி, தண்ணீர் வழிந்து, முற்றத்துக்குக் கீழே உள்ள மண்ணை அரித்திருந்தது. கிணற்றுத் தண்ணீரைக் கோடைக்கு எண்ணிச் செலவு செய்யும் மலை வீட்டில் அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அந்த வீட்டு அம்மா கோபமில்லாமல் சொன்னபோது எனக்கு மிகவும் வலித்தது. இரண்டு முறை இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், லேப்டாப்பை வைத்துப் பார்த்தேன். பதிவேட்டில் முதல் முறை பதில் இல்லை, இரண்டாம் முறை சரி என்று இருந்தது. கடைசியில் சரி என்று வந்துவிட்டதே என்று அந்த வரியைக் கடந்து போனேன்.

மூன்றாம் முறை, மோட்டார் அறைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தோட்டக் காவலாளி என்னிடம், “அண்ணா, போடும்போது டக்குன்னு ஒரு சத்தம்தாங்க. நிறுத்தும்போதுதான் டக், டக்குன்னு ரெண்டு சத்தம் கேக்குதுங்க” என்றார். அவரையே உடன் வைத்துக்கொண்டு பேனல் கதவைத் திறந்து, மேலே வீட்டில் இருந்த என் பட்டறைத் தம்பியிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் விலகியது, கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி ஒட்டியது, மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

கான்டாக்டரை இழுத்து ஒட்டவைக்கும் கம்பிச் சுருளான காயிலுக்குப் போகும் மின்சாரத்தை ரிலே துண்டிக்கும்போது, காயிலில் தேங்கியிருந்த ஆற்றல் உயர்ந்த மின்னழுத்தமாக உதைக்கும். அந்த உதை எழும் சில மில்லி விநாடிகளுக்குள்தான் மாட்யூல் தன் பதிலை அனுப்பிக்கொண்டிருந்தது. கட்டளை நிறைவேறிய செயலே அதன் பதிலை அழித்துவிட்டது. பதில் கிடைக்காத கண்ட்ரோலர் மறுபடி கேட்டது. மாற்றிப் போடு என்று கேட்டதால் நின்ற மோட்டார் ஓடத் தொடங்கியது. காயிலுக்கு மின்சாரம் கொடுக்கும்போது அந்த உதை இல்லாததால் அந்தப் பதில் மட்டும் ஒழுங்காக வந்து சேர்ந்து, ‘சரி’ என்று பதிவானது. நான் நம்பிய ‘சரி’ அதுதான்.

காயிலுக்குக் குறுக்கே, அந்த உதையை அடக்கும் ஸ்னப்பர் போட்டோம். மோட்டாரின் பவர் கேபிளோடு ஒரே பைப்பில் போயிருந்த சிக்னல் கேபிளைத் தனிப் பைப்புக்கு மாற்றினோம். வழியில் கேட்டுக்காகக் கிளை பிரித்திருந்த இடத்தை எடுத்துவிட்டு, ஒரு மாட்யூலிலிருந்து அடுத்ததற்கு என்று ஒரே சங்கிலியாக்கி, சிக்னல் முனையில் மோதித் திரும்பாமல் இருக்க இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்தோம். இவையெல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியவை. ஆனால் இவற்றால் பிழை அரிதாகுமே தவிர ஒழியாது. சேர்வராயன் மலையில் இடி இடிக்கும் ஒரு மாலையில் ஏதோ ஒரு பதில் தொலையத்தான் செய்யும். ஆகவே புரோகிராமிலிருந்து மாற்றிப் போடு என்ற கட்டளையையே எடுத்தேன். ‘அணை’ என்று பத்து முறை சொன்னாலும் விளைவு ஒன்றுதான். சுவர்ப் பட்டனை அழுத்தினால், கண்ட்ரோலர் முதலில் நிலையைப் படித்து, பிறகு ‘போடு’ அல்லது ‘அணை’ என்று தெளிவாகச் சொல்லும். திரும்பி வரும் எட்டு பைட், மாட்யூல் கட்டளையை ஏற்றுக்கொண்டது என்பதற்கு மட்டுமே சாட்சி என்பதால், கான்டாக்டரோடு சேர்ந்தே அசையும் துணைத் தொடர்பிலிருந்து ஓர் ஒயரை மாட்யூலின் இன்புட்டுக்குக் கொடுத்து, கான்டாக்டர் விலகியதா என்பதைத் தனியாகப் படிக்கிறேன்.

இப்போது பட்டறை மேசைக்கு அடியில் 200 மீட்டர் கேபிள் சுருளும், மேலே ஒரு பழைய கான்டாக்டரும் நிரந்தரமாக இருக்கின்றன. எந்தப் பேனலும் வண்டி ஏறும் முன், மாட்யூலின் பதிலைக் கண்ட்ரோலர் வேண்டுமென்றே படிக்காமல் விடும்படி அமைத்து, நூறு முறை போட்டும் நிறுத்தியும் பார்க்கிறோம். அந்த நேரத்தில் தம்பி லேப்டாப்பைப் பார்ப்பதில்லை. கான்டாக்டர் பக்கம் காதை வைத்துச் சத்தத்தை எண்ணுகிறான்.