908 தேர்வு: சர்வரைச் சாகடித்துத்தான் படித்தேன்

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. தேறிவிட்டேன். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 8.0 பதிப்பை நிர்வகிப்பவர்களுக்கான (டிபிஏ) தேர்வு, நாம் 908 என்று சொல்வதுதான். எனக்கு இது இரண்டாவது முறை. போன தடவை என்னைக் கவிழ்த்தவை பேக்கப்-ரிகவரியும், சர்வரை விழாமல் வைத்திருப்பது பற்றிய பகுதியும். ஆறு வருடமாகத் தினமும் செய்கிற வேலையிலேயே தவறிவிட்டோமே என்று அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. அதனால் அந்த இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். செக்யூரிட்டிக்கும் குவெரி ஆப்டிமைசேஷனுக்கும் நல்ல குறிப்புகள் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சர்வர் விழுந்தால் முதலில் எழுப்பிவிடுவேன், ஏன் விழுந்தது என்று அப்புறம் பார்ப்பேன். ஒருநாள் ராத்திரி, முன்பு வேலை பார்த்த இடத்தில், ஒரு சர்வர் எழவே மறுத்தது. மைஎஸ்க்யூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதிக்கு இன்னோடிபி என்று பெயர்; அதைப் பழுதோடேயே எழ வைக்கும் இன்னோடிபி ஃபோர்ஸ் ரிகவரி என்ற செட்டிங்கை நேராக 6-ல் வைத்தேன். எழுந்துவிட்டது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் 6 என்றால் ரீடூ லாகை (கிராஷுக்குப் பின் மீண்டும் ஏற்றுவதற்காக மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவு) பார்க்கவே பார்க்காதே என்று பொருள். டிஸ்க்கில் பழைய பேஜும் புதிய பேஜும் (பேஜ் என்பது டேட்டாவைப் படித்து எழுதும் ஒரு துண்டு) கலந்து கிடந்தன. கடைசியில் முந்தைய நாள் பேக்கப்பை ஏற்றி, அதற்கு மேல் பைனரி லாகை (டேட்டாவில் நடந்த மாற்றங்களின் வரிசையான பதிவு) ஓட்டித்தான் மீண்டோம். விடிந்துவிட்டது.

சரியான முறை இதுதான். எதையும் தொடும் முன் டேட்டா டைரக்டரியை அப்படியே நகல் எடுங்கள். பிறகு 1-ல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 3 வரை ஓரளவு பயமில்லை. 4-லிருந்து டேட்டா ஃபைல் நிரந்தரமாகக் கெடலாம், இன்னோடிபியும் படிக்க மட்டுமே விடும். எந்த எண்ணில் எழுகிறதோ அங்கேயே டம்ப் (டேட்டாவை வெளியே எடுத்த நகல்) எடுத்துக்கொண்டு, புதிய டைரக்டரியில் ஏற்றுங்கள். அந்த செட்டிங்கை வைத்துக்கொண்டே சர்வரைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். 1 முதல் 6 வரை ஒவ்வொன்றும் எதை நிறுத்துகிறது என்று தாளைப் பார்க்காமல் சொல்ல வர வேண்டும். இந்த ஒன்றை மட்டும் மனப்பாடமே செய்துவிடுங்கள்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: சர்வரைக் கொன்றது யார்? இந்தக் கேள்வியைப் பிடித்த பிறகுதான் எனக்குப் பாடமே புரிந்தது.

ஒரு புரோகிராமை நிறுத்தும்போது ஆபரேட்டிங் சிஸ்டம் அதற்கு அனுப்பும் எண்தான் சிக்னல். சிக்னல் 11 என்றால் சர்வர் தொடக்கூடாத மெமரியைத் தொட்டிருக்கிறது. பெரும்பாலும் பக், சில சமயம் கெட்டுப்போன ரேம். எர்ரர் லாகில் ஸ்டாக் டிரேஸ் (விழுந்தபோது கோடில் எங்கே இருந்தது என்ற பட்டியல்) இருக்கும், அதன் கீழே பல சமயம் அப்போது ஓடிய குவெரியும் இருக்கும். சிக்னல் 6 என்றால் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. கெட்ட பேஜைப் பார்த்திருக்கலாம், அல்லது உள்ளே ஏதோ ஒரு பூட்டுக்காக ஒரு த்ரெட் 600 விநாடிக்கு மேல் காத்திருக்கலாம். மேலும் கெடுக்காமல் இருக்க வேண்டுமென்றே விழுகிறது, அதைத் திட்டக்கூடாது. சிக்னல் 9 என்றால் வெளியிலிருந்து கொன்றிருக்கிறார்கள். எர்ரர் லாகில் சாகும்போது எழுதிய வரி ஒன்றுகூட இருக்காது. ஷட்டவுன் செய்தி இல்லாமல் திடீரென்று புதிய ஸ்டார்ட் வரிகள், அப்புறம் கிராஷ் ரிகவரி. அப்படியானால் கெர்னல் லாகைத் திறங்கள். மெமரி போதாமல் கெர்னலே கொன்றிருந்தால் அங்கே எழுதியிருக்கும். நான் எத்தனை தடவை இதை மைஎஸ்க்யூஎல் பக் என்று நினைத்து நாள்கணக்கில் தேடியிருக்கிறேன்!

புத்தகம் வாசித்தால் எனக்கு நிற்காது, கையால் செய்ய வேண்டும். உங்களுக்கு வாசித்தாலே நிற்கும் என்றால் இந்தப் பட்டியல் தேவைப்படாமல் போகலாம். ஒரு விஎம் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்), பழைய நிலைக்குத் திரும்ப ஒரு ஸ்னாப்ஷாட் போதும்:

- 1 ஜிபி ரேமில், வழக்கமாக 128 எம்பியாக இருக்கும் பஃபர் பூலை (டேட்டாவை மெமரியில் வைத்திருக்கும் இடம்) 1 ஜிபி ஆக்கி, பெரிய டேபிள்களை முழுதாகப் படிக்க வையுங்கள். சிக்னல் 9 கண்ணெதிரே வரும்.
- கமிட் (மாற்றத்தை உறுதி) செய்யாத பெரிய அப்டேட்டின் நடுவில் கில் -9 (சிக்னல் 9) கொடுங்கள். ரீடூ முடிந்ததும் சர்வர் கனெக்ஷன் வாங்கத் தொடங்கிவிடும், ரோல்பேக் (முடியாத மாற்றத்தைத் திரும்ப எடுப்பது) பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை அந்த வரிசைகளின் பூட்டு விடாது.
- பைனரி லாக் இருக்கும் டிஸ்க்கை நிரப்புங்கள். நான் விழும் என்று நினைத்தேன். விழவில்லை, இடம் கிடைத்ததா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டு காத்திருந்தது.
- சர்வரை நிறுத்திவிட்டு ஒரு ஐபிடி ஃபைலின் (டேபிளின் டேட்டா இருக்கும் ஃபைல்) நடுவில் குப்பையை எழுதுங்கள். பேஜ்கள் கெட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் இன்னோசெக்சம் கருவியை ஓட்டுங்கள். பிறகு சர்வரை எழுப்பி அந்த டேபிளைப் படியுங்கள். என் விஎம்மில் சிக்னல் 6.
- இரண்டு செஷனில் டெட்லாக் (ஒன்று மற்றதன் பூட்டுக்காக மாறி மாறிக் காத்திருப்பது) உண்டாக்குங்கள். அடுத்து 50 விநாடி காத்திருந்து லாக் டைம்அவுட்டும் வாங்குங்கள். டெட்லாக்கில் ஒரு செஷனின் மொத்த டிரான்சாக்ஷனும் (ஒன்றாகச் செய்யும் மாற்றங்களின் தொகுப்பு) போகும். டைம்அவுட்டில் வழக்கமாக அந்த ஒரு ஸ்டேட்மென்ட் மட்டும்தான் போகும். முதல் முறை நான் இதைக் குழப்பிக்கொண்டேன்.

டபுள்ரைட் பஃபர் (பேஜை அதன் இடத்தில் எழுதும் முன் ஒரு பிரதி எழுதிவைக்கும் இடம்) எதற்கு என்பதும் இந்த விளையாட்டில்தான் தெளிந்தது. பேஜ் 16 கேபி. எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் பாதி புதிது, பாதி பழையது. ரீடூ லாகில் இருப்பது மாற்றங்கள் மட்டும், முழு பேஜ் அல்ல. கிழிந்த பேஜின் மேல் அவற்றை ஏற்ற முடியாது. முழுப் பிரதி ஒன்று வேறிடத்தில் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். ரீடூ இருக்கிறதே, இது எதற்கு என்று ஆறு வருடம் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

கடைசி இரண்டு வாரம் ரிலீஸ் நோட்ஸில் பக் ஃபிக்ஸ் பகுதியை மட்டும் தினம் கொஞ்சம் வாசித்தேன். அதிகம் பேர் செய்வதில்லை, செய்து பாருங்கள். அங்கிருந்துதான் பக் 199-க்குப் போனேன். 2003-ல் பதிவானது. ஆட்டோ இன்கிரிமென்ட் எண்ணை (புதிய வரிசைக்குத் தானாகக் கூடும் எண்) இன்னோடிபி மெமரியில் மட்டும் வைத்திருந்தது. எண் 100 உள்ள கடைசி வரிசையை அழித்துவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், அடுத்த வரிசைக்கும் 100-ஐயே கொடுத்துவிடும். அந்தப் பழைய எண்ணை வேறு எங்காவது பதிந்து வைத்திருந்தால் இரண்டு பேருடைய விவரம் கலந்துபோகும். 8.0-ல்தான் தீர்ந்தது: எண் மாறும்போதெல்லாம் ரீடூ லாகில் எழுதுகிறது, செக்பாயின்டில் (மெமரியில் உள்ள மாற்றங்கள் டிஸ்க்குக்குப் போகும் கட்டம்) டேட்டா டிக்ஷனரியில் (டேபிள்களின் விவரம் வைக்கும் இடம்) சேமிக்கிறது. 5.7 ஒன்று, 8.0 ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டையும் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். ரீடூ, செக்பாயின்ட், டிக்ஷனரி மூன்றும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பது எனக்கு அந்தப் பத்து நிமிடத்தில்தான் பிடிபட்டது.