ரத்தத்தில் தேடியது மெழுகில் இருந்தது

தம்பிக்கு முதல் வலிப்பு வந்தது போன புரட்டாசியில், விடிகாலை நாலரைக்கு. இடது கை மட்டும் தானாக உதற ஆரம்பித்து, தோளுக்கு ஏறி, அப்புறம் உடம்பு முழுக்க இழுத்திருக்கிறது. போனில் அவன் மனைவி "மதினி" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. அவனுக்கு வயது 36. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது.

திருநெல்வேலியிலேயே சிடி எடுத்தார்கள். வலது முன்மூளையில் மங்கலாக ஒரு இடம், அதற்குள் சுண்ணாம்பைத் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் மதுரைக்குக் கூட்டிப் போனோம். மருந்து ஏற்றி எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன்னால் கிரியேட்டினின் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அதிலேயே சிகே என்ற என்சைமையும் பார்த்திருந்தார்கள். 200-க்குள் இருக்க வேண்டியது 2,400 என்று வந்திருந்தது. தாளைத் தூக்கிக்கொண்டு டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். "வலிப்புல தசையெல்லாம் முறுக்கியிருக்கும்லம்மா, அதுலருந்து கசிஞ்சது. தானா இறங்கிரும்" என்றார். ஒரு வாரத்தில் இறங்கியும் விட்டது. ரத்தத்தில் ஏறுகிற என்சைமுக்கும் மூளைக்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம் என்ற முதல் பாடம் அன்றைக்கே கிடைத்தது. நான்தான் படிக்கவில்லை.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் 'லோ கிரேடு கிளையோமாவாக இருக்கலாம்' என்று போட்டிருந்தது. மூளையிலேயே முளைத்து மெதுவாக வளரும் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்றார்கள். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "தலையத் திறக்காம ரத்தத்துலயே பாத்திரலாம்னு மாமா சொல்லுதான்லா."

மாமா காற்றில் கேட்டுச் சொல்லவில்லை. ஒரு தனியார் லேபில் 'கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்' விற்றுக்கொண்டிருந்தார்கள், நாலாயிரத்துச் சொச்சம். சிஇஏ, பிஎஸ்ஏ, சிஏ 19-9, எல்டிஎச், கடைசியில் மூளைக்கென்று என்எஸ்இ. அதாவது நியூரான் ஸ்பெசிஃபிக் எனோலேஸ். பெயரிலேயே நியூரான் இருக்கும்போது யாருக்குத்தான் நம்பிக்கை வராது? பணத்தைக் கட்டியது நான்தான்.

ரத்தம் எடுக்க ஒரு பையன் வீட்டுக்கே வந்தான். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி ஏற்றித் தம்பியின் நரம்பெல்லாம் ஒளிந்துகொண்டிருந்தது. மூன்றாவது குத்தில், புறங்கையில், சொட்டுச் சொட்டாக வந்தது. பையன் பொறுமை இல்லாமல் சிரிஞ்சை வலுவாக இழுத்தான். பிறகு அதே ஊசியை டியூப் மூடிக்குள் செருகிப் பீய்ச்சி அடித்தான். பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். இதையெல்லாம் இவ்வளவு துல்லியமாக எழுதக் காரணம் இருக்கிறது.

ரிசல்ட்டில் சிஇஏ வகையறா எல்லாம் நார்மல். என்எஸ்இ மட்டும் 31. லேபின் மேல்வரம்பு 16. எல்டிஎச்சும் கூடுதல். பாதி வீடு 'கேன்சர் இல்லை' என்றது, மீதி வீடு 'உறுதியாகிவிட்டது' என்றது. இரண்டு பாதியுமே அன்றிரவு சாப்பிடவில்லை.

நியூரோ சர்ஜன் அந்த ஐந்து பக்கத்தையும் புரட்டி, கடைசித் தாளின் அடியில் விரலை வைத்தார். எறும்பு எழுத்தில் 'சாம்பிள் ஹீமோலைஸ்டு' என்று இருந்தது. எடுக்கும்போதே சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. சிவப்பணுவுக்குள்ளும் இந்த எனோலேஸ் இருக்கிறது, எல்டிஎச்சும் நிறைய இருக்கிறது. உடைந்தால் இரண்டும் வெளியே கொட்டிவிடும், தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் ரோஸ் நிறத்துக்கு வந்துவிடும். பையன் சிரிஞ்சை இழுத்தது எனக்கு அப்போதுதான் கண் முன்னால் வந்தது.

அவர் வார்டு நர்ஸை விட்டு நிதானமாக மறுபடி எடுக்கச் சொன்னார். இந்தத் தடவை 11. அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் கட்டி இல்லதான சார்?"

அவர் பதில் சொல்லாமல் கம்ப்யூட்டர் திரையை அம்மா பக்கம் திருப்பி வைத்தார். கட்டி அங்கேயேதான் இருந்தது.

அப்புறம் பொறுமையாக விளக்கினார். என்எஸ்இ ஒருவகை நுரையீரல் புற்றுநோயிலும், குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமாவிலும் நோயின் போக்கைப் பார்க்க உதவும். கிளையோமாவில் கட்டி இருக்கும்போதே அது நார்மலாக இருக்கலாம். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டி வருவது சொற்பம், வந்ததும் உடம்பின் மற்ற சரக்கோடு கலந்துவிடும். ரத்தத்தில் துப்புக் கிடைக்கிற மூளைக் கட்டிகளும் உண்டாம். பிட்யூட்டரிக் கட்டியில் சிலதுக்கு புரோலாக்டின், பீனியல் பக்கம் வரும் சில ஜெர்ம் செல் கட்டிகளுக்கு ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி. அவை எதுவும் என்சைம் இல்லை, தம்பிக்கு இருப்பது அந்த வகையும் இல்லை.

"நீங்க தேடுற என்சைம் ஒண்ணு இருக்கும்மா," என்றார் எழுந்திருக்கும்போது. "ஆனா அது கட்டிக்குள்ள இருக்கு."

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். தெரிந்தவரை முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். மயக்கம் தெளிந்ததும் தம்பி கேட்ட முதல் கேள்வி, "யக்கா, மொட்ட போட்டுட்டாங்களா?" பாதி மொட்டைதான்.

உண்மையான அலைச்சல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. பயாப்சி ரிப்போர்ட்டில் அந்த என்சைம் வந்திருந்தது. ஐடிஎச் என்று சுருக்கம். எல்லாருடைய செல்லிலும் இருக்கிற, சர்க்கரையை எரிக்கும் வேலையில் கூடமாட நிற்கிற சாது. இந்த வகைக் கட்டிகளில் அதன் 132-ஆம் இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் மாறிப்போகிறது. பெரும்பாலும் அங்கே ஹிஸ்டிடின் வந்து உட்காரும். ஆர்132எச் என்று எழுதுவது அதைத்தான். அந்த ஒரு மாற்றத்தால் அது 2-ஹைட்ராக்ஸி குளுட்டரேட் என்ற வேண்டாத சரக்கைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. கிளையோமாவில் இந்த மாற்றம் தெரியவந்ததே 2008-இல்தான். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வகைப்பாட்டில் பெரியவர்களுக்கு வரும் கிளையோமாவைப் பிரிக்கும் முதல் கேள்வியே ஐடிஎச் மாறியிருக்கிறதா என்பதுதான். மாறியிருந்தால் பொதுவாக மெதுவாக வளரும் வகை. தம்பிக்கு மாறியிருந்தது. ஒரு 'பாசிட்டிவ்' ரிசல்ட்டுக்கு நாங்கள் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்து, அதில் எந்த வகை என்று பிரிக்க, கட்டியின் செல்களில் குரோமோசோம் 1-இன் குட்டைக் கையும் 19-இன் நெட்டைக் கையும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஃபிஷ் டெஸ்ட், சென்னையில். "என்ன மீனு, அயிரையா?" என்றான் தம்பி. கட்டிய டிரெஸ்ஸிங்கோடு அவன் ஜோக்கடித்ததில் அவன் மனைவி சிரித்து அழுதாள்.

இதற்குப் பாரஃபின் பிளாக் வேண்டும், அதாவது ஆபரேஷனில் எடுத்த கட்டித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்தது. டாக்டரின் கடிதம், ரிப்போர்ட் ஜெராக்ஸ், என் ஆதார் எல்லாம் கொடுத்து, இரண்டு நாள் அலைந்து வாங்கினேன். கையில் வைத்தபோதுதான் பார்த்தேன்: தபால்தலை அளவில் ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதில் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் துவரம்பருப்பு அளவில் பழுப்பாக ஒரு துணுக்கு. ஓரத்தில் பென்சிலில் எழுதிய நம்பர். "வெயில்ல நிக்கிற காருக்குள்ள வச்சிராதீங்க, மெழுகு இளகிரும்" என்றார் லேபில் இருந்த அம்மா. டிபன் பையில் துண்டு சுற்றி வைத்து, பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் மடியிலேயே வைத்திருந்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. இரண்டு கையும் காணோம். கிளையோமாவில் ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற வகை, கிரேடு 2. சிடியில் பார்த்த அந்தச் சுண்ணாம்புப் புள்ளிகள் இந்த வகையில் அடிக்கடி காணப்படுவதுதானாம். வயது நாற்பதுக்குள், கட்டியும் முழுதாக எடுத்தாயிற்று. அதனால் இப்போதைக்கு ரேடியேஷன் வேண்டாம், நாலு மாதத்துக்கு ஒருமுறை எம்ஆர்ஐ போதும் என்று முடிவானது. மாறிய ஐடிஎச்சையே தடுக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்ததைப் பற்றியும் கேட்டேன். தேவைப்பட்டால் பிறகு யோசிக்கலாம் என்றார் டாக்டர். அது ஈரலைப் பாதிக்கலாம் என்பதால் சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி ரத்தத்தில் என்சைம் பார்க்க வேண்டுமாம். அது ஈரலின் என்சைம்.

இதுவரை இரண்டு எம்ஆர்ஐ ஆகிவிட்டது. புதிதாக எதுவும் இல்லை. வலிப்பு மாத்திரை தொடர்கிறது. அதில் எரிச்சல் அதிகமாகிறது என்று அவன் மனைவி சொல்கிறாள், அதற்கு முன்னாலும் அவன் அப்படித்தான் என்பது என் கட்சி. பைக் சாவி அவளிடம் இருக்கிறது.

டெஸ்ட் முடிந்து திரும்பி வந்த பிளாக்கை அம்மா பீரோவில், வீட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். சித்திரையில் கரண்ட் போகிற மத்தியானங்களில் எழுந்து போய்த் திறந்து பார்ப்பாள். "இளகலடி," என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி விசிறியை எடுத்துக்கொள்வாள்.